தமிழ்வழிப் பிள்ளைகளின் வாசிப்புக் குறைபாடு: பி.எச்டி.க்கு எந்தச் சோதனையில் தொடங்குவது? (புதுச்சேரி, கடலூர்)

காலாப்பட்டு_மாணவி
எல்லாருக்கும் வணக்கம். எம்.எஸ்சி. உளவியல் முடிந்தது, அடுத்து பி.எச்டி. மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு டிஸ்லெக்சியாவும் (சொல்லிக்கொடுத்தும் வாசிப்பு வராமை) மொழிவளர்ச்சிக் குறைபாடும் (பேசவும் புரிந்துகொள்ளவும் மொழி சரியாக வராமை) எந்த அறிதிறன் சறுக்கலால் (நினைவு, ஒலியைப் பிரித்தறிதல் போன்ற மனத்திறன் குறைவால்) வருகின்றன என்று பார்க்க வேண்டும். களம் பாகூர், அரியாங்குப்பம் பக்கமும் கடலூர் நகரமும். நெறியாளருக்கு ஒரு பக்கக் குறிப்பு கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆட்டிசத்தையும் சேர்த்து மூன்று குறைபாட்டையும் ஒரே ஆய்வில் ஒப்பிடலாமா? தமிழில் எந்தச் சோதனையை நம்பி எடுக்கலாம்? எம்.ஃபில். கிளினிக்கல் (மருத்துவ உளவியல்) முடித்துவிட்டு வருவதா, நேரே பி.எச்டி.யா?

கெடிலக்கரை
மூன்றையும் ஒரே ஆய்வில் வேண்டாம்மா. ஆய்வேடு தடிக்கும், பதில் மெலியும்.

குறைபாட்டின் பெயரை வைத்துக்கொண்டு கேள்வி தேடுகிறவர்கள்தான் நம்மிடம் அதிகம். இந்தத் துறையில் நிலைத்தவர்கள் அப்படிப் போகவில்லை. ஆட்டிசம், டிஸ்லெக்சியா ஆய்வாளர் ஊட்டா ஃப்ரித்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பிறந்தவர், லண்டனில் 1968-இல் முனைவர் பட்டம். வழிகாட்டியவர்கள் பியாட்டே ஹெர்மெலின், நீல் ஓ'கானர். அவர்களிடம் ஃப்ரித் எடுத்துக்கொண்ட முக்கியமான பழக்கம், யாரோடு யாரை ஒப்பிடுகிறோம் என்பதில் கறாராக இருப்பது.

1985-இல் பேரன்-கோஹன், லெஸ்லி, ஃப்ரித் மூவரும் வெளியிட்ட சாலி-ஆன் சோதனை (சாலி வைத்த பொருளை அவள் இல்லாதபோது ஆன் இடம் மாற்றுகிறாள்; சாலி திரும்பி வந்து எங்கே தேடுவாள் என்று பிள்ளையிடம் கேட்பது) எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள 20 பேரில் 16 பேர் தவறினார்கள் என்பதை எல்லாரும் ஒப்பிப்பார்கள். அதில் டவுன் சிண்ட்ரோம் (அறிவு வளர்ச்சியைப் பாதிக்கும் பிறவிக் குரோமோசோம் மாற்றம்) உள்ள 14 பேர் எதற்கு இருந்தார்கள் என்று கேட்டால் பலருக்குப் பதில் வராது. அந்தப் பிள்ளைகளின் மொழி வயது ஆட்டிசக் குழுவைவிடக் குறைவு. அப்படியிருந்தும் 14-இல் 12 பேர் சரியாகச் சொன்னார்கள். 'புத்தி குறைவு, அதனால் தவறினார்கள்' என்கிற மாற்று விளக்கம் அங்கேயே அடிபட்டுப் போயிற்று. ஆய்வின் பலமே அந்த 14 பேர்தான்.

அதே 1985-இல்தான் வாசிப்பு வளர்ச்சியின் மூன்று படிகள் பற்றிய ஃப்ரித்தின் கட்டுரையும் வந்தது. 1995-இல் ஜான் மார்ட்டனோடு சேர்ந்து உயிரியல், அறிதிறன், நடத்தை என்று மூன்று தளமாகப் பிரித்து அம்புக்குறி போடும் படமுறையைக் கொடுத்தார். உங்கள் ஒரு பக்கக் குறிப்பில் முதலில் அந்தப் படத்தைப் போடுங்கள். நடுத்தளத்தில், அதாவது அறிதிறன் தளத்தில், ஒரே ஒரு பெட்டி. அதிலிருந்து நடத்தைத் தளத்துக்கு எத்தனை அம்பு வேண்டுமானாலும் போகட்டும். இரண்டு பெட்டி போட வேண்டியிருந்தால் உங்களிடம் இரண்டு ஆய்வேடு இருக்கிறது என்று அர்த்தம்.

முத்தியால்பேட்டை_கிளினிக்
கெடிலக்கரை சார் சொல்வதோடு பாதி உடன்பாடு. ஒரே பெட்டி என்பதில்தான் எனக்குத் தயக்கம்.

வளர்ச்சி உளவியலாளர் அனெட் கார்மிலாஃப்-ஸ்மித் வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டியது இந்த இடத்தில்தான். ஜெனிவாவில் குழந்தை உளவியலாளர் பியாஜேயிடம் படித்தவர். வில்லியம்ஸ் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாட்டில் ஏழாவது குரோமோசோமில் சுமார் 26, 27 ஜீன்கள் விடுபட்டிருக்கும். பெரியவர்களைப் பார்த்தால் மொழி பரவாயில்லை, எண்ணறிவு மோசம். 'மொழிப் பெட்டி நல்லா இருக்கு, எண் பெட்டி உடைஞ்சிருக்கு' என்று எழுதிவிட்டுப் போனார்கள். 1999-இல் சயன்ஸ் இதழில் அவர் குழு சின்னக் குழந்தைகளைப் பார்த்து வெளியிட்டபோது படம் மாறியது. எண்ணிக்கை வித்தியாசத்தை வில்லியம்ஸ் குழந்தைகள் கவனித்தார்கள், டவுன் குழந்தைகள் கவனிக்கவில்லை. சொல் புரிவதில் இரண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒன்று. பெரியவர்களிடம் தெரியும் வடிவம் தொடக்கத்தில் அப்படி இல்லை.

ஆகவே பத்து வயதில் அளக்கிற சறுக்கலை 'அடிப்படைக் காரணம்' என்று எழுதாதீர்கள். அந்த வயதில் அது நாலு வருஷப் பள்ளியின் விளைவாகவும் இருக்கலாம்.

கெடிலக்கரை
நியாயம். அதற்குத்தான் வாசிப்பு வயதை ஒத்த குழு. மாணவி, இதை மட்டும் தப்பவிடாதீர்கள். பத்து வயது டிஸ்லெக்சியாப் பிள்ளை ஒன்று. அதே பத்து வயதில் நன்றாக வாசிக்கும் பிள்ளை ஒன்று. முதல் பிள்ளை எந்த மட்டத்தில் வாசிக்கிறதோ அதே மட்டத்தில் வாசிக்கும் ஏழு, ஏழரை வயதுப் பிள்ளை ஒன்று. மூன்று குழு. சம வயதுக் குழுவைவிடக் குறைவாக இருந்தால் அது எதையும் நிரூபிக்காது, ஏனென்றால் வாசிக்க வாசிக்கத்தான் ஒலிப்பகுப்புத் திறன் (சொல்லைத் தனித்தனி ஒலியாகப் பிரிக்கும் திறன்) வளர்கிறது. 1979-இல் மொராய்ஸ் குழு போர்ச்சுகலில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களிடம் காட்டியது அதைத்தான். சொல்லின் முதல் ஒலியை நீக்கிச் சொல்லச் சொன்னால் அவர்கள் தடுமாறினார்கள். ஏழு வயதுக் குழுவைவிடவும் குறைவாக இருந்தால்தான் பேசலாம்.

ஒலிப்பேழை
இரண்டாவது கேள்விக்கு வர்றேன். பேச்சு மொழிச் சிகிச்சைப் பக்கத்து ஆள் நான்.

இந்திய மொழிகளுக்கான டாலி (DALI) என்கிற டிஸ்லெக்சியாச் சோதனைத் தொகுப்பு முதலில் இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் நாலுக்கும் வந்தது. வடிவமைப்பை அதில் பாருங்க. ஆனா இன்னொரு மொழிச் சோதனையை மொழிபெயர்த்து எடுக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. தமிழுக்கு உருப்படிகளை அடியிலிருந்து கட்டணும். மூன்று சோதனை போதும்: பொருளில்லாச் சொல் திருப்பிச் சொல்லல், வேகப் பெயரிடல் (வரிசையா இருக்கிற படங்களுக்கு வேகமாப் பேர் சொல்றது), ஒரு நிமிஷ வாசிப்பு.

பொருளில்லாச் சொல் சோதனைக்கு மொழிவளர்ச்சிக் குறைபாட்டு ஆய்வில் தனி மரியாதை உண்டு. 1990-இல் கேதர்கோலும் பேட்லியும் இதை முன்னுக்குக் கொண்டுவந்தாங்க. 1996-இல் டாரதி பிஷப் குழு இரட்டையர்களை வச்சு, இந்தத் திறன் குறைவது பரம்பரையாக வரும்னு காட்டினாங்க. ஆங்கிலச் சோதனையில் 40 சொல். 2, 3, 4, 5 சிலபிளில் (அசையில்) பத்துப் பத்து.

தமிழில் கட்டும்போது கவனிக்க வேண்டியது:

சொல் முதலில் ட, ண, ள, ழ, ற வரக் கூடாது. ர, ல வேண்டாம். கடன்சொல் வாசனை வரும். க, ச, த, ப, ம, ந, வ போதும். சொல் கடைசியில் வல்லின மெய் வரவே வராது, உயிரில் முடியுங்க. உகரத்தில் முடிச்சா பேச்சில் அது பாதி அமுங்கிப் போகும், அதனால் எல்லாச் சொல்லையும் உகரத்தில் முடிக்காதீங்க.

உள்ளே உண்மைச் சொல் ஒளிஞ்சிருக்கக் கூடாது. 'சிமரவீடு'ன்னு போட்டா பிள்ளை 'மரம், வீடு' ரெண்டையும் பிடிச்சுக்கும், நினைவில் சுமக்கிற பாரம் பாதியாகிடும். 'கமேணு' பரவாயில்லை, 'நுபிதெசா' பரவாயில்லை. '-கள்', '-ல', '-க்கு' மாதிரி விகுதியில் முடியற எதுவும் வேண்டாம், இலக்கண அறிவு உதவிக்கு வந்துடும். கட்டி முடிச்சதும் வேற வேற ஊர்க்காரங்க நாலஞ்சு பேர்கிட்ட வாசிச்சுக் காட்டி 'இது எதையாவது ஞாபகப்படுத்துதா'ன்னு கேளுங்க. சினிமாப் பேரு, கடைப் பேரு, ஆங்கிலச் சொல் எல்லாம் அப்பத்தான் வெளியே வரும்.

ழ, ள வித்தியாசத்துக்கு மதிப்பெண் வைக்காதீங்க. நம்ம கடலூர், புதுச்சேரிப் பேச்சில் பலருக்கு ரெண்டும் ஒண்ணுதான். ர, ற அப்படியே. மதிப்பெண் வைக்க வேண்டியது குறில் நெடிலுக்கும் ஒற்றை, இரட்டை மெய்க்கும். 'கமேணு' என்பதைக் 'கமெண்ணு'ன்னு சொன்னா ரெண்டு பிழை.

ஐந்து சிலபிளோடு நிறுத்தினா எட்டு வயசுப் பிள்ளைங்க எல்லாரும் முழு மதிப்பெண் வாங்கிடுவாங்கங்கிற ஆபத்து உண்டு. 'வந்துட்டிருக்கான்' என்பதே அஞ்சு சிலபிள். நீளச் சொல் நம்ம பிள்ளைங்களுக்குப் பழக்கம். முன்னோட்டத்தில் ஆறு சிலபிள் பத்துச் சேர்த்து 50 சொல்லா ஓட்டுங்க. முக்கால்வாசிக்கு மேல ஒரே விடை வர்ற உருப்படியைத் தூக்கிடுங்க.

நேர்ல நீங்களே சொல்லிக் காட்டக் கூடாது. ஒரே பெண் குரல், ஒரே நாள், அழுத்தப்படாத வேவ் கோப்பு, 44.1 கிலோஹெர்ட்ஸ். ஹெட்ஃபோனில் ஒரே ஒரு முறை ஒலிக்கணும். ரெண்டாம் முறை கேட்டா 'முதல்ல கேட்ட மாதிரி சொல்லு' அவ்வளவுதான். பிள்ளையின் பதிலைக் காதோரம் வளைஞ்ச மைக்கில் பதிவு செய்யுங்க. மேசையில் போனை வச்சுப் பதிவு செஞ்சா ப, ம வித்தியாசமே பிறகு தெரியாது.

மஞ்சக்குப்பம்_வாத்தியார்
ஒலிப்பேழை மேடம், ஒரு சந்தேகம். சில பிள்ளைங்களுக்கு எப்பவுமே 'ர' வராது, 'ய'ன்னுதான் சொல்லும். அது பிழையா?

ஒலிப்பேழை
பிழை இல்லை சார். முதல்ல பத்து, பதினைஞ்சு படத்துக்குப் பேர் சொல்ல வச்சு, அந்தப் பிள்ளைக்கு எந்த ஒலி நிரந்தரமா மாறுதுன்னு குறிச்சுக்கணும். அந்த மாற்றம் பொருளில்லாச் சொல்லிலும் வந்தா சரின்னு எடுக்கணும். பதிவில் ஐந்தில் ஒரு பங்கை இன்னொருத்தர் தனியாக் கேட்டு மதிப்பெண் போடணும், குழு எதுன்னு அவருக்குத் தெரியக் கூடாது.

செவிச் சோதனையும் இருக்கு. 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ், ரெண்டு காதும். சளி பிடிச்ச பிள்ளைக்கு நடுக்காதில் நீர் கோத்திருந்தா அந்த மாசம் அதைச் சோதிக்காதீங்க. பள்ளியில் மின்விசிறி ஓடிக்கிட்டு இருந்தா 500-இல் எல்லாருமே தோத்துடுவாங்க. விசிறியை நிறுத்திட்டு மறுபடி பாருங்க, பிறகு முடிவு பண்ணுங்க.

மஞ்சக்குப்பம்_வாத்தியார்
வாசிப்புப் பட்டியல் கட்டுவது பற்றி வகுப்பறைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

247 எழுத்தையும் சோதிக்க வேண்டியதில்லை. பிழை எங்கே விழும் என்பது முன்கூட்டியே தெரியும். ஒன்று, உகர ஊகார வரிசை: கு, சு, து, மு, ழு என ஒவ்வொன்றும் ஒரு வடிவம். இரண்டு, இடப்பக்கம் நிற்கும் கொம்பு. மூன்று, இரண்டு பக்கமும் நிற்கும் ஒகர ஓகாரம். 'கொடி' என்று அட்டையில் எழுதிக் காட்டினால் திணறும் பிள்ளை 'கெடி' என்னும். இன்னொன்று 'கெரடி' என்னும். முதல் பிள்ளை துணைக்காலை (ா) விட்டுவிட்டது, இரண்டாவது பிள்ளை துணைக்காலை 'ர' என்று படித்துவிட்டது. இரண்டையும் வெறும் 'தவறு' என்று ஒரே கட்டத்தில் டிக் அடித்தால் தகவல் போச்சு. விடைத்தாளில் பிள்ளை சொன்னதை அப்படியே எழுத இடம் விடுங்கள்.

இதில் அச்செழுத்துக்கும் பங்கு உண்டு. காலுக்கும் ரகரத்துக்கும் கீழ் வால் தெளிவாக வேறுபடும் எழுத்துரு எடுங்கள். பாடப்புத்தக அளவில், குறைந்தது 20 புள்ளி. கணினியில் ஒன்று, அச்சில் ஒன்று என்று மாற்றாதீர்கள்.

சொற்களைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுப்பதிலும் ஒரு சிக்கல். கடலூர்ப் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பாடநூல். ஒன்று முதல் மூன்று வரை 2022-லிருந்து எண்ணும் எழுத்தும் திட்டம். பாகூர் நாலு எட்டில் இருந்தாலும் அது புதுச்சேரி. அங்கே அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. ஒரு புத்தகத்தில் மட்டும் வரும் சொல்லை எடுத்தால் நீங்கள் அளப்பது பாடத்திட்டத்தை. இரண்டிலும் வரும் சொல், அல்லது இரண்டிலும் வராத சொல்.

கெடிலக்கரை
அருமை. 'கெடி', 'கெரடி' வித்தியாசத்துக்கே ஒரு தனிக் கட்டுரை எழுதலாம்.

ஒன்று சேர்க்கிறேன். தமிழில் எழுத்தைத் தெரிந்தால் உச்சரித்துவிடலாம். சொல் முதலில் க, மெல்லினத்துக்குப் பின் க என்று இடத்தைப் பார்த்து ஒலி மாறும், அவ்வளவுதான். அதனால் நான்காம் வகுப்புக்குள் பிழை குறைந்துவிடும், மெதுவாக வாசிப்பது மட்டும் மிஞ்சும். ஜெர்மனில் இதே கதை. 1997-இல் லாண்டெர்ல், விம்மர், ஃப்ரித் மூவரும் ஜெர்மன், ஆங்கில டிஸ்லெக்சியாப் பிள்ளைகளை ஒரே மாதிரிச் சொற்களில் ஒப்பிட்டார்கள். ஆங்கிலப் பிள்ளைகளுக்குப் பிழை மிக அதிகம், ஜெர்மன் பிள்ளைகளுக்குக் குறைவு. வேகத்தை அளக்காமல் பிழையை மட்டும் எண்ணினால் தமிழ்நாட்டில் டிஸ்லெக்சியாவே இல்லை என்று முடிவு வரும்! ஆகவே ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக, ஒரு நிமிடத்தில் எத்தனை பொருளில்லாச் சொல் சரியாக. இந்த இரண்டு எண்தான் உங்கள் தேர்வு அளவுகோல்.

ஒலிப்பகுப்புச் சோதனை வேண்டும் என்று நெறியாளர் வற்புறுத்துவார். ஆங்கிலக் கட்டுரைகள் எல்லாம் அதையே பேசுகின்றன. சொனாலி நாக் கன்னடப் பிள்ளைகளிடம் கண்டதை முன்னால் வையுங்கள்: சிலபிள் அளவில் பிரிப்பது சீக்கிரம் வருகிறது, தனி ஒலி அளவில் பிரிப்பது மெதுவாகத்தான் வருகிறது. எழுத்து முறையே அப்படி. தமிழில் சிலபிளை நீக்கச் சொன்னால் எல்லாரும் பத்துக்குப் பத்து, தனி மெய்யை நீக்கச் சொன்னால் நன்றாக வாசிப்பவர்களுக்கும் இரண்டு, மூன்று. இரண்டிலும் குழுக்கள் பிரியாது. பிரியாததைப் பார்த்து 'தமிழில் ஒலிக் குறைபாடு இல்லை' என்று எழுதியவர்கள் உண்டு. அளவுகோலின் தரையும் கூரையும்தான் அங்கே பேசுகின்றன, பிள்ளைகள் இல்லை.

காலாப்பட்டு_மாணவி
ரொம்ப நன்றி. வேகப் பெயரிடலுக்கு டெங்க்லா, ருடெல் முறைப்படி ஐந்து பொருள், ஒவ்வொன்றும் பத்து முறை, வரிசைக்குப் பத்தாக ஐந்து வரிசை என்று வைத்திருக்கிறேன். படங்கள்: மீன், குடை, பந்து, பூ, நாற்காலி. சரியா?

ஒலிப்பேழை
நாற்காலியைத் தூக்குங்க. மத்ததெல்லாம் ஒண்ணு, ரெண்டு சிலபிள், அது மூணு. பாதிப் பிள்ளைங்க 'சேர்'னு வேற சொல்லும், நேரம் குறையும். பந்தை 'பால்'னும் மீனை 'ஃபிஷ்'னும் சொல்ற பிள்ளைங்க தமிழ்வழியிலும் இருக்காங்க. அதனால சோதனைக்கு முன்னாடி அஞ்சு படத்தையும் தனித்தனியாக் காட்டி, என்ன பேரு சொல்லணும்னு முடிவு பண்ணி, ரெண்டு தடவை பிசகாம சொன்ன பிறகு நேரம் எடுங்க. மீனு, பல்லு, கொடை, பந்து, வீடு வச்சா எல்லாம் பேச்சில் ரெண்டு சிலபிள். 'குடை'ன்னு திருத்தாதீங்க, பிள்ளை நின்னுடும்.

ஒரே படம் பக்கத்துப் பக்கத்துல வரக் கூடாது. விரல் வச்சுச் சொல்லலாமா கூடாதான்னு முன்னாடியே முடிவு பண்ணி எல்லாருக்கும் ஒரே விதி. ஸ்டாப்வாட்ச் கையில் இருக்கட்டும், ஆனா முடிவான நேரத்தைப் பதிவிலிருந்து, முதல் ஒலியிலிருந்து கடைசி ஒலி வரை எடுங்க. எண் பட்டியல் போட்டா 7-ஐச் சேர்க்காதீங்க, ஆங்கிலத்தில் சொல்ற பிள்ளைக்கு 'செவன்' ஒரு சிலபிள் கூடுதல்.

பாகூர்_புள்ளி
யாரும் இதுவரை எண்ணிக்கை கேட்கவில்லை. எத்தனை பிள்ளைகள்?

காலாப்பட்டு_மாணவி
குழுவுக்கு 15 என்று நினைத்தேன் சார். பழைய கட்டுரைகளில் அப்படித்தான் இருக்கிறது.

பாகூர்_புள்ளி
பழைய கட்டுரைகளில் பல மறுபடி செய்தபோது நிற்காமல் போனதற்கு அதுவே ஒரு காரணம். டாரதி பிஷப் பிற்காலத்தில் மொழிக் குறைபாட்டோடு இதைப் பற்றியும் நிறைய எழுதினார்: சின்ன மாதிரி, பல அளவு, அதில் தேறியதை மட்டும் வெளியிடுவது.

கணக்கு இதுதான். இரண்டு குழு, இருபக்கச் சோதனை, 5 சதவீத வரம்பு (இல்லாத வேறுபாட்டை இருக்கிறது என்று சொல்லிவிடும் வாய்ப்பு), 80 சதவீதத் திறன் (இருக்கிற வேறுபாட்டைப் பிடிக்கும் வாய்ப்பு). குழுவுக்கு 15 என்றால் வேறுபாடு ஒரு திட்டவிலக்கத்துக்கும் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) மேல் இருந்தால்தான் பிடிபடும். 0.8 திட்டவிலக்கத்துக்குக் குழுவுக்கு 26 வேண்டும். 0.5-க்கு 64.

64 என்றே வைப்போம். மூன்று குழு, 192 பிள்ளைகள். பிள்ளைக்கு இரண்டு அமர்வு என்றால் 384 அமர்வு. காலையில் நாலு அமர்வுக்கு மேல் ஓட்டினால் பதினோரு மணிக்குப் பிறகு வருகிற பிள்ளைகள் எல்லாம் மெதுவாகத் தெரிவார்கள். நாலு என்றால் 96 பள்ளி நாள்.

இது சோதனைக்கு மட்டும். தேர்ந்தெடுப்பு தனி. கீழ்ப் பத்து சதவீத வாசிப்பாளர்களைத்தான் எடுப்பீர்கள் என்றால் 64 பேர் கிடைக்க 640 பேரை ஒரு நிமிட வாசிப்பில் சலிக்க வேண்டும். காது, வருகை, ரேவன் வண்ணப் பலகை (சொல் இல்லாமல் படங்களால் நுண்ணறிவை அளக்கும் சோதனை) என்று கழித்துக்கொண்டே போனால் 640 போதாது. அதனால் 0.7 அளவு வேறுபாட்டைக் குறியாக வைத்து, குழுவுக்கு 34 என்று நிறுத்துவது உங்கள் கைக்கு எட்டும். அதை முன்பதிவு செய்துவிடுங்கள். எந்த அளவு முதன்மை, எவை துணை, எந்தப் பிள்ளையை நீக்குவோம் என்பதை எல்லாம் தரவு வருமுன் தேதியோடு பதிந்து வையுங்கள்.

இன்னொன்று. ஒரே ஒரு முறை சோதித்துக் கீழ்ப் பத்து சதவீதம் என்று எடுத்தால், அடுத்த முறை அதே பிள்ளைகள் தானாகவே மேலே வருவார்கள். அன்றைக்குத் தூக்கம் இல்லாதவன், காய்ச்சல்காரன் எல்லாம் அந்தப் பத்தில் இருப்பான். மூன்று வாரம் விட்டு இரண்டாவது வடிவத்தில் சோதித்து, இரண்டிலும் கீழே இருப்பவரை மட்டும் எடுங்கள்.

மஞ்சக்குப்பம்_வாத்தியார்
96 நாள் என்றதும் நாள்காட்டி கண்முன் வருகிறது. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை கடலூரில் எதையும் திட்டமிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை, புயல் எச்சரிக்கை, மாவட்ட ஆட்சியர் விடுமுறை. மழை விட்டாலும் தகரக் கூரை வகுப்பில் சொட்டும் சத்தத்தில் ஒலிச் சோதனை நடக்காது. செப்டம்பர் பிற்பாதி காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு. உங்களுக்கு உருப்படியாகக் கிடைப்பது ஜூலையிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை, பிறகு பொங்கல் முடிந்து மார்ச் தொடக்கம் வரை.

அனுமதி இரண்டு இடத்தில். கடலூருக்கு முதன்மைக் கல்வி அலுவலர். புதுச்சேரிக்குப் பள்ளிக்கல்வி இயக்ககம். ஒன்றைக் காட்டி மற்றதில் நுழைய முடியாது. கடிதத்தில் 'பிள்ளை ஒன்றுக்கு இத்தனை நிமிடம், இந்தப் பாடவேளையில் இல்லை' என்று எழுதினால் தலைமையாசிரியர் சீக்கிரம் தலையசைப்பார். விளையாட்டுப் பாடவேளையைக் கேட்காதீர்கள். பிள்ளை கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இன்னும் முக்கியமாக, வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். துறைமுகம் பக்கத்துப் பள்ளிகளிலும் செங்கல்சூளைக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளைகளிலும் வருகை விட்டு விட்டு இருக்கும். சொல்லிக் கொடுக்கப்படாத பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்தும் வராத பிள்ளைக்கும் சோதனைத்தாளில் வித்தியாசம் தெரியாது.

முத்தியால்பேட்டை_கிளினிக்
வாத்தியார் சொன்ன கடைசி வரிதான் கிளினிக்கிலும் தலைவலி. எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் எழுத்து, கொம்பு, கால் என்று முறையாகச் சொல்லிக்கொடுத்து, முன்னும் பின்னும் வேகத்தை அளப்பதுதான் இருக்கிறதிலேயே நேர்மையான வழி. உங்கள் 34 பேருக்கும் அதைச் செய்தால் ஆய்வுக்கும் பலம், பள்ளிக்கும் ஏதோ கிடைத்த மாதிரி.

மூன்றாவது கேள்விக்கு என் பதில். எம்.ஃபில். கிளினிக்கல் இரண்டு வருஷம், ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் குழு) பதிவு கிடைக்கும், நோயறிதல் அறிக்கையில் கையெழுத்து போடலாம். ஆனால் 2025-26 சேர்க்கை வரைதான் யு.ஜி.சி. அதை நீட்டித்தது, ஆகவே எங்கே சேருவதானாலும் ஆர்.சி.ஐ. பட்டியலைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். ஆராய்ச்சிதான் தொழில் என்றால் நேரே பி.எச்டி. போங்கள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகை) வாங்கினால் 2023 முதல் மாதம் 37,000, இரண்டு வருஷம் கழித்து 42,000. காலாப்பட்டில் புதுவைப் பல்கலையின் பயன்பாட்டு உளவியல் துறையும், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலையில் மொழியியலும் உளவியலும் இருக்கின்றன. இந்தத் தலைப்புக்கு உளவியல் நெறியாளரும் மொழியியல் இணை நெறியாளரும் சேர்ந்தால்தான் சொற்பட்டியல் உருப்படும்.

நேரே பி.எச்டி. போனால் ஒன்றை மறக்காதீர்கள். உங்களிடம் பதிவு இல்லை, ஆகவே பள்ளிக்குக் கொடுக்கும் குறிப்பில் 'டிஸ்லெக்சியா' என்று எழுதக் கூடாது. 'வாசிப்பு வேகம் வகுப்புச் சராசரியைவிடக் குறைவு, மதிப்பீட்டுக்கு அனுப்பலாம்' என்று நிறுத்துங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகையில் கற்றல் குறைபாடும் உண்டு. 2018 வழிகாட்டியின்படி எட்டு வயதானால்தான் சான்றிதழ் கிடைத்தது; 14-இலும் 18-இலும் மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. உங்கள் தாளை எடுத்துக்கொண்டு பெற்றோர் சான்றிதழ் கேட்டுப் போனால் அலைச்சல் அவர்களுக்கு.

கெடிலக்கரை
சான்றிதழ் விதியையும் ஆய்வு விதியையும் குழப்ப வேண்டாம். சான்றிதழுக்கு நுண்ணறிவு வரம்பு பார்ப்பார்கள். மொழிவளர்ச்சிக் குறைபாட்டில் பிஷப் முன்னின்று நடத்திய கேட்டலைஸ் என்ற நிபுணர் கருத்தொருமிப்பு, 2016, 2017-இல் வந்தது, சொல்லற்ற நுண்ணறிவுக்கும் மொழிக்கும் இடைவெளி இருந்தே ஆக வேண்டும் என்ற நிபந்தனையைக் கைவிட்டது. ஆகவே ரேவன் மதிப்பெண்ணை வெட்டுக்கோடாக வைக்காதீர்கள், துணை மாறியாக (கணக்கிடும்போது சரிக்கட்டும் அளவாக) வையுங்கள். அறிவுக் குறைபாடு தெளிவாக இருப்பவரை மட்டும் தனியே எடுங்கள்.

காலாப்பட்டு_மாணவி
குறிப்பை மாற்றிவிட்டேன். ஆட்டிசம் இல்லை. மொழிக் குறைபாடும் தனிக் குழுவாக இல்லை. பொருளில்லாச் சொல் மதிப்பெண்ணைத் துணை அளவாக வைத்திருக்கிறேன். கேள்வி இது ஒன்றுதான்: மெதுவாக வாசிக்கும் தமிழ்ப் பிள்ளைகள், தங்களைப் போலவே வாசிக்கும் இளைய பிள்ளைகளைவிட வேகப் பெயரிடலில் மெதுவா? குழுவுக்கு 34. முதன்மை அளவு படப் பெயரிடல் நேரம்.

பாகூர்_புள்ளி
இப்போது தோற்கவும் முடிகிற கேள்வியாக இருக்கிறது, நல்லது. ஒரு இடைஞ்சல்: இளைய பிள்ளைகள் வயதாலேயே பேச்சில் மெதுவாக இருப்பார்கள். ஆகவே வேறுபாடு இல்லை என்று வந்தாலும் அது பத்து வயதுப் பிள்ளைக்குக் குறைதான், ஆனால் காரணம் எது என்று சொல்ல முடியாது. அதை முன்பதிவிலேயே எழுதிவிடுங்கள். ஒரே சொல்லைப் பத்து முறை வேகமாகச் சொல்ல வைத்து உச்சரிப்பு வேகத்தைத் தனியே எடுத்தால் ஓரளவு பிரிக்கலாம்.

முத்தியால்பேட்டை_கிளினிக்
ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதுங்கள், நாலாம் வகுப்புத் தமிழில். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 நெறிமுறைப்படி ஏழு வயதுக்கு மேல் பிள்ளையிடமும் வாய்மொழிச் சம்மதம் வேண்டும், பெற்றோர் கையெழுத்து தனி. கைரேகை வைக்கும் பெற்றோருக்குப் படித்துக் காட்ட ஆசிரியர் அல்லாத ஒரு சாட்சி. ஆசிரியர் நின்றால் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

காலாப்பட்டு_மாணவி
ஒலிப்பதிவுகளை எப்படிச் சேமிப்பது? கோப்புக்குப் பள்ளி பெயர், பிள்ளை பெயர் வைத்தால் தேடச் சுலபம் என்று தோழி சொல்கிறாள்.

ஒலிப்பேழை
வேண்டவே வேண்டாம். மூணு இலக்க எண், சோதனையின் எந்த வடிவம்னு ஒரு எழுத்து, தேதி, அவ்வளவுதான். எண்ணுக்கும் பேருக்கும் உள்ள பட்டியல் ஒரு நோட்டில், துறையில் பூட்டின அலமாரியில். குழு எதுன்னு எண்ணைப் பார்த்தே தெரியற மாதிரி 1-லிருந்து 34 டிஸ்லெக்சியான்னு வைக்காதீங்க, மதிப்பெண் போடறவங்களுக்கு விஷயம் வெளிச்சம் ஆயிடும். கலைச்சு விடுங்க. பதிவு முடிஞ்ச உடனே அங்கேயே ஹெட்ஃபோன் மாட்டி முதல் பத்து வினாடி கேட்டுட்டுப் பிள்ளையை வகுப்புக்கு அனுப்புங்க. மைக் வயர் தளர்ந்திருந்தா அப்பவே தெரியும்.